அத்திமரத்துக்கு இன்னும் ஓராண்டு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் என் தம்பியை வேலையில் நீடிக்க விடலாமா, விடுவித்து அனுப்பலாமா என்று எழுதிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு என்னுடையதாக இருந்தது. அதே வாரத்தில் எங்கள் சபையில், உவமைகளின் நோக்கம் என்னும் பொருள் பற்றிப் பேச வேண்டிய பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்தது. இவ்விரண்டையும் நான் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு அலுவல்களாகவே கருதினேன். முதலாவதை வெள்ளிக்கிழமையும் இரண்டாவதை ஞாயிற்றுக்கிழமையும் செய்து முடித்தேன். இரண்டையும் குறைவின்றிச் செய்ததாக நம்பவும் செய்தேன்.

சலவைக்கூடம் மருத்துவமனையின் பின்புறத்தில், கொதிகலன் அறைக்கு அடுத்து இருந்தது. வார்டுகளிலிருந்து துணிகள் இரு வகைப் பைகளில் வரும். சிவப்புப் பையில் வருபவை தொற்று நோயாளிகளின் துணிகள். அவற்றைப் பிரிக்காமல், கட்டோடு தனி இயந்திரத்தில் இட வேண்டும். வெள்ளைப் பைகளை மட்டும் ஒரு நீண்ட தகர மேசையில் கொட்டி, ஒவ்வொரு விரிப்பையும் உதறி, ஒவ்வொரு தலையணை உறைக்குள்ளும் கையை விட்டுப் பார்த்த பின்னரே வெளுக்க அனுப்ப வேண்டும். நோயாளிகள் எதையும் உறைக்குள் வைத்து மறந்துவிடுவார்கள். சீப்பு, செபமாலை, மூக்குக்கண்ணாடி, கடிதம், பாதி கடித்த பிஸ்கட்டு என்று எது வேண்டுமானாலும் விழும். அந்தத் தகர மேசையின் முன்னே மூன்று ஆண்டுகளாக என் தம்பி நின்றான். அவனை அங்கே சேர்த்துவிட்டவள் நான். அப்போது நான் அப்பிரிவின் தலைவியாக உயர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

என்னைவிட ஏழு வயது இளையவனாகிய அவன், அதற்கு முன் தையற்கடையிலும், அச்சகத்திலும், ஒரு மரக்கடையிலும் வேலை பார்த்து, எங்கும் ஈராண்டு தாக்குப்பிடிக்காதவன். சோம்பேறி என்று அவனைச் சொல்ல இயலாது. ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே அவ்வேலைக்கு வெளியே ஏதோ ஒன்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். அவ்வளவுதான் அவனுடைய குறை. சலவைக்கூடத்திலும் அப்படியே நடந்தது. உறையிலிருந்து ஏதேனும் விழுந்தால், அதை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு மேசைக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. அவனோ அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிடுவான்.

ஒருமுறை ஒரு பல்செட்டு விழுந்தது. அதை ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, மூன்றாம் மாடி ஆண்கள் வார்டில் கட்டில் கட்டிலாகச் சென்று, "ஐயா, இது உங்க பல்லா, கொஞ்சம் பாருங்க" என்று அவன் கேட்டுக்கொண்டு போனதாகச் செவிலியர்கள் வந்து சொல்லிச் சிரித்தார்கள். ஒரு கிழவர், தம்முடைய பல் வாயில் பத்திரமாக இருக்கையிலேயே, அந்தப் பல் தம் பல்லைவிட நன்றாயிருக்கிறது, அதையே கொடுத்துவிடு என்றாராம். உரியவரைக் கண்டுபிடித்து அவன் இறங்கி வருவதற்குள் ஒரு மணி நேரம் கடந்துவிட்டது. மேசையில் பைகள் குவிந்து கிடந்தன. நான் எல்லார் முன்னிலையிலும் அவனைக் கண்டித்தேன். "அவர் மூணு நாளா கஞ்சிதான் குடிக்கிறார்க்கா. பல்லு இல்லாம என்ன செய்வார்?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பைகளைப் பிரிக்கத் தொடங்கினான்.

இத்தகைய மாடிப் பயணங்களில் ஒன்றுதான் பெரிய பிழையில் முடிந்தது. அவன் ஒரு மூக்குக்கண்ணாடியோடு மேலே போயிருந்த வேளையில், வண்டிக்காரர் ஒரு சிவப்புப் பையை வெள்ளைப் பைகளின் நடுவே இறக்கிவிட்டுப் போனார். வந்து பார்க்க வேண்டியவன் மேசையில் இல்லை. அந்தப் பை மற்றத் துணிகளோடு சாதாரண இயந்திரத்துக்குள் சென்றுவிட்டது. அன்று வெளுத்த துணி முழுவதையும் மறுபடியும் வெளுக்க நேர்ந்தது. அறுவை அரங்குக்குத் துணி போகவில்லை. காலையில் நடக்க வேண்டிய இரண்டு அறுவைகள் மாலைக்குத் தள்ளிப்போயின. யாருக்கும் தீங்கு நேரவில்லை. ஆயினும் அது பதிவேட்டில் ஏறிவிட்டது.

மூன்றாண்டு தற்காலிகப் பணி முடிந்தவர்களைப் பற்றிப் பிரிவுத் தலைவர் ஒரு மதிப்பீட்டுப் படிவம் நிரப்பித் தர வேண்டும். அதன் அடியில் மூன்று கட்டங்கள் இருக்கும். நிரந்தரமாக்கலாம் என்பது முதலாவது. விடுவிக்கலாம் என்பது இரண்டாவது. மேலும் ஓராண்டு நீட்டித்துப் பார்க்கலாம் என்பது மூன்றாவது. அந்த வெள்ளிக்கிழமை மேலாளர் என்னைத் தம் அறைக்கு அழைத்துப் படிவத்தைத் தந்தார். அவர் கடிந்து பேசும் இயல்பினர் அல்லர். நான் பேனாவைத் திறந்தபோது, நீட்டிப்புக் கட்டத்தில் குறியிடுவதே பொருத்தமாக இருக்கும் என்று தாமாகவே சொன்னார்.

"என் தம்பிங்கிறதுக்காகச் சலுகை வேண்டாம் சார்" என்றேன்.

"சலுகைன்னு யாரும்மா சொன்னா? தம்பியா இல்லைன்னா நீங்க என்ன போடுவீங்க?"

அக்கேள்விக்கு விடை எனக்கு நன்றாகத் தெரியும். அவனைவிடப் பெரிய பிழை செய்த இருவருக்கு நானே முந்தைய ஆண்டுகளில் நீட்டிப்பு எழுதித் தந்திருந்தேன். ஆனால் அவ்விருவரும் எனக்கு உறவில்லாதவர்கள். அவர்களிடம் நான் காட்டிய பரிவை எவரும் ஐயுறப்போவதில்லை. தம்பியின் நிலை அவ்வாறன்று. இஸ்திரி போடும் அம்மாள் ஒருநாள், "அக்கா தலைவின்னா தம்பி மேல தூசு கூட உக்காராது" என்று நீராவிக்கிடையே யாருக்கோ சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அச்சொல் என்னை வெகுவாகக் குத்திக்கொண்டிருந்தது. நேர்மையானவள் என்று பெயரெடுக்க எனக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. இரண்டாவது கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்தும் தேதியும் இட்டுக் கொடுத்தேன்.

அவர் அதைப் படித்துப் பார்த்துத் தட்டில் வைத்தார். எல்லாப் பிரிவுகளின் படிவங்களும் புதன்கிழமையன்று தலைமை அலுவலகத்துக்குப் போகும் என்றும், அதுவரை இது தம் மேசைத் தட்டிலேயே இருக்கும் என்றும், மனம் மாறினால் வந்து சொல்லலாம் என்றும் கூறினார். மனம் மாறுவது பலவீனர்களின் செயல் என்று எண்ணியபடி வெளியே வந்தேன்.

இனி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கூற வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நாற்பத்தாறாம் வயதில் அஞ்சல்வழி வேதபாடத்தில் சேர்ந்து, ஈராண்டு பயின்று, முதல் வகுப்பில் தேறினேன். அதன்பின் மாதத்தின் கடைசி ஞாயிறுகளில் பேசும்படி போதகர் என்னைக் கேட்டுக்கொள்வது வழக்கமாயிற்று. இம்முறை அவர் கொடுத்த பொருள் என் மனத்துக்கு உகந்தது. நான்கு நாட்கள் குறிப்பெழுதினேன். உவமையின் நோக்கங்கள் மூன்று என்று வகுத்துக்கொண்டேன். அறிந்த பொருளைக் கொண்டு அறியாத பொருளை விளக்குவது முதல் நோக்கம். கேட்க மனமில்லாதவனிடமிருந்து உண்மையை மறைத்து, தேடுகிறவனுக்கு மட்டும் அதைத் திறந்து காட்டுவது இரண்டாவது. கேட்பவனைத் தன்னை அறியாமலேயே தன்மேல் தீர்ப்புச் சொல்ல வைப்பது மூன்றாவது.

மூன்றாம் நோக்கத்துக்கு, பிறன் மனைவியைக் கவர்ந்த அரசனிடம் ஒரு தீர்க்கதரிசி சொன்ன, ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொண்ட செல்வனின் கதையை எடுத்துக்கொண்டேன். அதைக் கேட்ட அரசன் வெகுண்டெழுந்து, அப்படிச் செய்தவன் சாக வேண்டியவன் என்கிறான். அந்த மனிதன் நீயேதான் என்று தீர்க்கதரிசி சொன்ன பிறகுதான் அரசனுக்குத் தன் குற்றம் விளங்குகிறது. இந்த இடத்தில் நான் குரலைத் தாழ்த்தி, சற்று நிறுத்தி, சபையை ஒருமுறை நோக்கினேன். எல்லாரும் அசையாமல் இருந்தார்கள். என் பேச்சு நன்றாக அமைந்துவிட்டது என்பதை அப்போதே உணர்ந்தேன்.

தம்பி கடைசி இருக்கையில் மனைவியோடும் மகளோடும் அமர்ந்திருந்தான். ஆண்டுக்கு இருமுறை கோவிலுக்கு வருவதே அவனுக்கு அதிகம். நான் பேசப்போகிறேன் என்பதற்காக வந்திருந்தான். அவனைக் கண்டபோது படிவத்தின் நினைவு எனக்கு வராமல் இல்லை. அது வேலை, இது வேதம் என்று பிரித்து வைத்துவிட்டுத் தொடர்ந்தேன்.

விரிவான எடுத்துக்காட்டாக, காய்க்காத அத்திமரத்தின் உவமையை வைத்திருந்தேன். ஒருவன் தன் திராட்சைத் தோட்டத்தில் ஓர் அத்திமரம் நட்டான். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்து பார்த்தும் கனி கிடைக்கவில்லை. இது இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பானேன், வெட்டிவிடு என்று தோட்டக்காரனிடம் சொன்னான். தோட்டக்காரனோ, இந்த ஓராண்டு மட்டும் விட்டுவையுங்கள், நான் சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன், காய்த்தால் நல்லது, காய்க்காவிட்டால் அப்புறம் வெட்டலாம் என்று மன்றாடினான். இவ்வளவே உவமை. சிறுவர் வகுப்பின் கரும்பலகையைக் கொண்டுவரச் செய்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் பொருளை எழுதிக் காட்டினேன். தோட்டத்தின் உடைமையாளன் தந்தையாகிய கடவுள். தோட்டக்காரன் மீட்பர். மரம் மனந்திரும்பாத மக்கள். எரு இறைவாக்கு. ஒரு பொருளும் விடுபடவில்லை. சுண்ணக்கட்டியைக் கீழே வைத்து, ஐயம் உண்டா என்று வழக்கம்போல் கேட்டேன். வழக்கமாக எவரும் கேட்பதில்லை.

தம்பி எழுந்து கையை உயர்த்தினான்.

"அடுத்த வருஷம் அது காய்ச்சுதா?"

சபையில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. அது பாடத்தில் சொல்லப்படவில்லை, உவமைக்கு அது தேவையும் அன்று என்று நான் விடையளித்தேன். அவன் உட்காரவில்லை. சிறிது யோசித்தான்.

"அப்போ இன்னும் வெட்டலைன்னு அர்த்தம்" என்றான்.

மறுபடியும் சிரிப்பு. போதகர் மட்டும் சிரிக்காமல் அவனைத் திரும்பிப் பார்த்தார். நான் முடிவுரைக்குச் சென்றேன்.

ஆராதனை கலைந்தபின் கோவில் வாயிலில் அவன் எனக்காகக் காத்திருந்தான். அவன் மனைவி, இந்த மனிதர் காலையில் தாமாகவே எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பியதைத் தன் வாழ்நாளில் இன்றுதான் பார்த்ததாகச் சொன்னாள். அவளை மகளோடு முன்னே நடக்கச் சொல்லிவிட்டு அவன் என் அருகில் வந்தான்.

"எனக்குப் புரிஞ்சுதுக்கா."

என்ன புரிந்தது என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"மூணு வருஷம். பேரு ஒண்ணுதான் சொல்லலை, மத்ததெல்லாம் சொல்லிட்டே. நீ வீட்ல கூப்பிட்டு இதைச் சொல்லியிருந்தா நான் சண்டைக்கு வந்திருப்பேன். கதையா சொன்னதால உள்ள போயிடுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்காக மேலிடத்துல கேட்டிருக்கே. அது எனக்குப் போதும்" என்றான்.

அந்த நேரத்தில் நான் செய்யக்கூடியவை இரண்டு இருந்தன. அவன் நம்பியது உண்மையன்று என்று சொல்லியிருக்கலாம். அல்லது மறுநாள் காலையில் மேலாளர் அறைக்குச் சென்று அதை உண்மையாக்கியிருக்கலாம். நான் தலையை மட்டும் அசைத்தேன். அவன் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டான். அவன் நெஞ்சில் என் பேச்சு இவ்வளவு ஆழமாகப் பதிந்ததே என்னும் மகிழ்ச்சியும் அந்த அசைப்பில் கலந்திருந்தது என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை அவன் அரைமணி நேரம் முன்னதாக வந்துவிட்டான். மேசையின் துருவைச் சுரண்டிக் கழுவினான். பக்கத்துச் சுவரில் ஒரு பலகையை ஆணியடித்து மாட்டி, அதில் பழைய மருந்துப் பெட்டிகளை வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வார்டின் எண்ணை எழுதினான். உறைகளிலிருந்து விழுபவற்றை உரிய பெட்டியில் போட்டுவிட்டால், நண்பகலில் துணி கொண்டுவரும் வார்டு உதவியாளர்களே எடுத்துச் சென்றுவிடலாம். அதை அவன் மூன்றாண்டுகளில் முதன்முறையாக யோசித்தான். அன்று முழுவதும் மேசையை விட்டு அகலவில்லை. சிவப்புப் பை வருகிறதா என்று ஒவ்வொரு வண்டியையும் தானே சென்று பார்த்து இறக்கினான்.

இஸ்திரி அம்மாள் என்னிடம், "உங்க தம்பிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? வேலை செய்றாரு" என்றாள்.

"எரு போட்டிருக்காங்க" என்று அவனே விரிப்பை உதறியபடி விடை சொன்னான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். சின்ன வயதில், அப்பாவின் சைக்கிளை எனக்குத் தெரிந்தே எடுத்து ஓட்டிவிட்டு வந்து நிற்கும்போது அப்படித்தான் சிமிட்டுவான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குள் பதினொரு பைகளை முடித்திருந்தான். அவ்வளவு விரைவாக அந்த மேசையில் வேலை நடந்ததை நான் கண்டதில்லை. பதினொரு மணிக்கு மேலாளர் அறையின் வாயிலுக்குப் போனேன். அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், சற்றுப் பொறுக்கும்படி கையால் காட்டினார். மேசைத் தட்டில் படிவங்கள் இருந்தன. என் கையெழுத்துள்ள படிவம் மேலாகவே தெரிந்தது.

நின்றுகொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில், என்ன காரணம் சொல்வது என்று ஆராய்ந்தேன். இரண்டு நாள் உழைப்பைச் சான்றாகக் காட்டினால் எவர் ஏற்பார்? ஞாயிற்றுக்கிழமைப் பேச்சால் நானே இளகிவிட்டேன் என்பார்கள். வெள்ளிக்கிழமை ஒன்று எழுதிச் செவ்வாய்க்கிழமை வேறொன்று எழுதும் தலைவியின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? வலுவான காரணம் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. அத்தோட்டக்காரனிடமும் வலுவான காரணம் எதுவும் இருந்ததில்லை. ஓர் இலையைக்கூட அவன் சான்றாகக் காட்டவில்லை. விட்டுவையுங்கள் என்று வெறுமனே கேட்டான். அவனைக் குறித்து நாற்பது நிமிடம் பேசியவளுக்கு இது அப்போது நினைவுக்கு வரவில்லை. மேலாளர் தொலைபேசியை வைப்பதற்குள் நான் திரும்பி வந்துவிட்டேன்.

புதன்கிழமை காலை அலுவலக உதவியாளர் படிவங்களை ஒரு கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்தின் வழியாக வண்டி நிற்கும் இடத்துக்குச் சென்றார். இரு கைகளிலும் கட்டுகள் இருந்ததால் ஊஞ்சற்கதவைத் தள்ள அவரால் முடியவில்லை. தம்பிதான் ஓடிச்சென்று கதவைப் பிடித்துக்கொண்டு அவருக்கு வழிவிட்டான். அவர் நன்றி சொன்னார். நான் தண்ணீர்த் தொட்டியின் அருகில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடு தூரம்தான். கூப்பிடவில்லை.

அவனை விடுவிக்கும் கடிதம் அடுத்த வாரம் வியாழக்கிழமை வந்தது. இடைப்பட்ட நாட்களிலும் அவன் அதே உற்சாகத்தோடு உழைத்தான் என்பதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது. மதிப்பீட்டுப் படிவத்தின் நகல் ஒன்றும் கடிதத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு, மேசையின் முன்னே நின்றபடியே படித்தான். மெதுவாகப் படிப்பவன். முதல் தாளைப் படித்து, இரண்டாம் தாளைப் படித்து, மறுபடியும் இரண்டாம் தாளின் அடிப்பகுதிக்கு வந்தான். நான் அருகில் சென்று நின்றேன். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எவரும் எங்களைக் கவனிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை தேதி போட்டிருக்கே" என்றான்.

"ஆமா."

"அப்போ ஞாயித்துக்கிழமை அதை யாருக்குக்கா சொன்னே?"

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். கட்டில் கட்டிலாகச் சென்று பல்லுக்கு உரியவரைத் தேடினானே, அப்போதும் இதே குரலில்தான் கேட்டிருப்பான். அவனுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"பொதுவா சொன்னேன்டா" என்றேன்.

அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மேசையில் இன்னும் இரண்டு பைகள் மீதமிருந்தன. கடிதம் கைக்கு வந்தபின் அவற்றை அவன் தொட வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டையும் பிரித்து, ஒவ்வொரு விரிப்பையும் உதறி, ஒவ்வோர் உறையிலும் கையை விட்டுப் பார்த்து முடித்த பிறகே போனான். நான் என் மேசையில் அமர்ந்து, வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் எழுதாமல் அதைப் பார்த்தபடி இருந்தேன்.

மறுநாள் மேலாளரிடம் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. "புதன்கிழமை வரைக்கும் வெச்சிருந்தேனேம்மா" என்றார். நான் வாயிலில் நின்ற செவ்வாய்க்கிழமையை அவரும் மறக்கவில்லை. தலைமை அலுவலகம் அந்த இடத்துக்கு ஆளை அமர்த்தி முடித்துவிட்டது என்றும், இனித் தம்மால் ஆவது ஒன்றுமில்லை என்றும் சொன்னார். என் நேர்மையைப் பற்றி அவரோ, இஸ்திரி அம்மாளோ, வேறு எவருமோ அதன்பின் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இஸ்திரி அம்மாள் சில நாட்கள் என்னோடு பேசவே இல்லை. கடைசியில் பேசியபோது, அன்று நீராவிக்கிடையே தான் சொன்னது விளையாட்டுக்குச் சொன்னது என்றாள்.

அன்று நான் கரும்பலகையில் எழுதிய பட்டியலை எத்தனையோ முறை மனத்துக்குள் எழுதிப் பார்த்திருக்கிறேன். அதில் பிழை எதுவும் இல்லை. போதகரும் பிழை இருப்பதாகச் சொல்லவில்லை. ஆயினும், தோட்டக்காரன் மீட்பர் என்று எழுதிச் சுண்ணக்கட்டியால் அடிக்கோடும் இட்டபோதே, தோட்டக்காரனாக நிற்க வேண்டிய வேலை என்னை விட்டு நெடுந்தூரம் போய்விட்டது. விண்ணுலகத்து அலுவலாக அதை எழுதி ஒதுக்கிவிட்டுச் சலவைக்கூடத்துக்கு வந்தேன். உவமைகள் எதற்காகச் சொல்லப்பட்டன என்று எனக்கு இப்போது யாரேனும் பாடம் எழுதச் சொன்னால் மூன்று நோக்கங்களை எழுத மாட்டேன். கேட்டுவிட்டு எழுந்து போய் ஒரு பலகையை ஆணியடித்து மாட்டுவதற்காகச் சொல்லப்பட்டன என்றுதான் எழுதுவேன். அப்படிக் கேட்ட ஒருவன் எங்கள் சபையில் அன்று இருந்தான். சொன்னவள் கேட்கவில்லை.

ஐந்து வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை அவன் வீட்டுக்குச் சென்றேன். பேருந்தில் நாற்பது நிமிடப் பயணம். என்ன பேச வேண்டும் என்பதை முந்தைய நாளே ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் ஒரு பேருந்துப் பணிமனையில் வண்டிகளைக் கழுவும் வேலைக்குச் சேர்ந்திருந்தான். நான் சென்றபோது அப்போதுதான் வேலை முடிந்து வந்து, ஈரக் காற்சட்டையை மடித்துவிட்டபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். "வாக்கா" என்று எழுந்தான். அந்த அழைப்பில் முன்பிருந்ததைவிட ஒன்றும் குறையவில்லை. கூடவும் இல்லை.

அவன் மனைவி காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வழக்கமாக என்னோடு அமர்ந்து ஊர்க்கதை பேசுகிறவள். மகள் காய்ச்சலோடு பாயில் படுத்திருந்தாள். நான் தாளை எடுக்கவில்லை. ஆனால் அதில் எழுதியிருந்ததை வரிசை மாறாமல் சொன்னேன். பொறுப்பில் இருப்பவர் உறவினர் விஷயத்தில் மற்றவர்களிடத்தினும் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது என்றேன். சிவப்புப் பை பதிவேட்டில் ஏறியிருந்ததை எடுத்துக்காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு, படிவத்தில் நான் கையெழுத்திடுவதற்கு முன்பே ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதையும் விளக்கினேன். அவன் குறுக்கே பேசாமல், கோவிலில் கேட்டதைப் போலவே கவனமாகக் கேட்டான்.

"நல்லா விளக்கமா சொல்றேக்கா" என்றான் முடிவில்.

அதைக் கிண்டலாகச் சொன்னானா, உண்மையாகவே சொன்னானா என்று அவன் முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க இயலவில்லை. அக்கணத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது, தவறு செய்துவிட்டேன் என்னும் ஒன்றே. எழுதி எடுத்து வந்த தாளில் அது இல்லை. எவ்வளவோ நேரம் எழுதியும் அது அந்தத் தாளுக்குள் வரவே இல்லை. காப்பி ஆறிப்போயிற்று. குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தேன்.

அவன் பேருந்து நிறுத்தம் வரை என்னோடு நடந்து வந்தான். பணிமனையில் ஒரு நாளைக்கு முப்பது வண்டிகள் கழுவுவதாகவும், பயணிகள் இருக்கைக்கடியில் விட்டுச் செல்லும் பொருட்களைச் சேகரிக்க அங்கே தனியாக ஆள் இருப்பதாகவும், தான் அவற்றைத் தொடுவதே இல்லை என்றும் சொன்னான். அதைப் பெருமையாகச் சொன்னதுபோலத் தோன்றவில்லை. வேறு எதையோ பற்றி நான் கேட்டேன். அதற்கும் விடை சொன்னான். பேருந்து வந்தது.

"பாத்து ஏறுக்கா."

ஏறிச் சன்னலோரமாக அமர்ந்தேன். கண்ணாடி திறந்தே இருந்தது. ஓட்டுநர் இறங்கிப்போய் யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததால் வண்டி கிளம்பச் சற்றுத் தாமதமாயிற்று. தம்பி போகாமல் சன்னலுக்குக் கீழே, என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். நான் எதையோ சொல்லப்போகிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஓட்டுநர் வந்து ஏறினார். வண்டி உறுமியது.

"பாப்பாவுக்கு வெந்நீர் மட்டும் கொடு" என்றேன்.

"சரிக்கா" என்றான்.